சொந்தச் சரக்கில் ஒரு புத்தகம்: முதல் நோட்டிலிருந்து அச்சுவரை, வரிசை மாறாமல்

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய அறையில் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். என்னிடம் வரும் கைப்பிரதிகள் பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பற்றியவை: காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர். எழுதுகிறவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் பக்கத்துக்குப் பக்கம் வேறு யாரோ எழுதிய வாடை அடிக்கிறது.

திருட வேண்டும் என்று யாரும் கிளம்பி வருவதில்லை. வேலையை வரிசை மாற்றிச் செய்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் ஊரிலுள்ள புத்தகத்தையெல்லாம் படிக்கிறார்கள், பிறகு எழுதுகிறார்கள், அச்சுக்குப் போகும் வாரத்தில் “இதை எங்கே எடுத்தேன்?” என்று தேடுகிறார்கள். கீழே இருப்பது நான் சொல்லித்தரும் வரிசை. கட்டுரை நூல், நினைவுக் குறிப்பு, வட்டார வரலாறு எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நாவல் எழுதுகிறவர்களுக்கு 5, 6, 8 ஆகிய மூன்றும் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நோட்டுகள், வெவ்வேறு நிற அட்டையில். என் பழக்கம் பச்சையும் சிவப்பும். பச்சையில் நீங்கள் பார்த்தது, கேட்டது, நினைத்தது. சிவப்பில் பிறர் எழுதியது. ஒரே நோட்டில் இரண்டு பகுதி பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். மூன்றாம் வாரத்தில் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அழகாக இருக்கும் வாக்கியமெல்லாம் நம்முடையது என்றே மனம் சாதிக்கும்.

பேச்சைப் பதிவுசெய்ய ஒரு கைப்பேசி. ஒப்புதல் கடிதத்தின் நகல்கள் பத்து (5ஆம் படியில் வருகிறது). கணினியில் ஒரு கோப்புறை. அதில் ஒவ்வொரு வாரமும் தேதியைப் பெயராக வைத்துக் கைப்பிரதியைப் புதிதாகச் சேமியுங்கள். பழையதன் மேலேயே சேமித்தால், நூல் எப்படி வளர்ந்தது என்பதற்கான தடயம் அழிந்துபோகும். நாளைக்கு யாராவது உங்கள்மீது குற்றம் சொன்னாலும், உங்கள் பக்கங்களை யாராவது எடுத்துக்கொண்டாலும், காட்டுவதற்கு அந்தத் தடயம்தான் இருக்கும்.

தன் கைப்பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கென்று சட்டத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. தேதி வாரியான கோப்புகளும் கையால் எழுதிய நோட்டும் அதைவிட நன்றாகப் பேசும்.

2. முதலில் பச்சை நோட்டு, நூலகம் பிறகு

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மீனவர் குடும்பத்து இளைஞர் ஒருவர் காசிமேடு பற்றி நூற்றிருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி இது: “காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சென்னையின் மிக முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாகும்.” இரண்டாம் வரியின் நடுவில் பகர அடைப்புக்குள் 7 என்ற எண் நின்றது. இணையக் கலைக்களஞ்சியத்தின் அடிக்குறிப்பு எண். எடுத்து ஒட்டியபோது கூடவே வந்துவிட்டது.

“தம்பி, இந்த ஏழு என்ன?” என்று கேட்டேன்.

“பக்க எண் அண்ணே” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கைப்பிரதியை மூடி வைத்துவிட்டு, தடைக்காலத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவர் சொன்னது வேறு: “முதல் நாள் அப்பா வழக்கம்போல விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். போக இடம் இருக்காது. பல் துலக்கிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார். நாலைந்து நாளைக்கு அப்படித்தான். அம்மா தூங்குவதுபோல் பாவனை செய்வாள்.”

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “இதெல்லாம் புத்தகத்தில் வருமா அண்ணே?” என்றார்.

வரும். இதுதான் வரும். 61 நாள் என்பது யாருக்கும் சொந்தமில்லாத தகவல், யார் வேண்டுமானாலும் எழுதலாம். பல் துலக்கிவிட்டு மறுபடி படுத்த அப்பா அவருக்கு மட்டும்தான் இருக்கிறார். புத்தகத்தின் சொந்தத்தன்மை தலைப்பிலோ, இதுவரை எவரும் தொடாத பொருளிலோ இல்லை. அப்படியொரு பொருளைத் தேடித் திரிகிறவர்கள் எழுதத் தொடங்குவதே இல்லை.

செய்ய வேண்டியது: எந்தப் புத்தகத்தையும் திறக்கும் முன் முப்பது நாள், நாளுக்கு ஒரு பக்கம் பச்சை நோட்டில் எழுதுங்கள். இடம், நேரம், ஆள், அவர் சொன்ன சொல், அவர் கையில் இருந்த பொருள். அபிப்பிராயம் வேண்டாம். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படித்துவிட்டு எழுதினால், படித்த நூலின் அத்தியாயப் பிரிவுகளே உங்கள் பிரிவுகளாகிவிடும். சொற்களை மாற்றலாம். எலும்புக்கூடு அவருடையதாகவே நிற்கும்.

3. சிவப்பு நோட்டை எப்படி எழுதுவது

இப்போது நூலகத்துக்குப் போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அங்கே கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம்.

ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே முதலில் ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம். பிறகுதான் குறிப்பு. “பக்க எண்ணை வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்” என்று விட்டால் அந்த நூலகத்துக்கு இன்னொரு நடை. வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள்; சுருக்கி எழுதினால் ஓரத்தில் ‘சு’ என்று எழுதுங்கள். இந்த ஒற்றை எழுத்து என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பார்கள். எடுங்கள், ஆனால் அட்டையையும் உரிமைப் பக்கத்தையும் முதல் இரண்டு படமாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்தப் படம் எந்த நூல் என்று தெரியாமல் நானூறு படம் சேர்ந்திருக்கும்.

4. சிவப்பு நோட்டை மூடிவிட்டு எழுதுங்கள்

வரைவு எழுதும்போது மேசையில் பச்சை நோட்டு மட்டும் இருக்கட்டும். ஆண்டோ பெயரோ நினைவில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அத்தியாயம் முடிந்தபின் சிவப்பைத் திறந்து கோடுகளை நிரப்புங்கள்.

பார்த்துப் பார்த்து எழுதும்போது, சொல்லை மாற்றுவதையே எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். ‘அமைந்துள்ளது’ என்பதை ‘அமைந்திருக்கிறது’ என்று மாற்றி, ‘மக்கள்’ என்பதை ‘பொதுமக்கள்’ ஆக்கி, வாக்கிய வரிசையை அப்படியே விட்டால் அது பிறர் சட்டைக்குச் சாயம் போட்ட கதை. மூடிவிட்டு எழுதினால், நீங்கள் புரிந்துகொண்டது மட்டும்தான் வெளியே வரும். புரியாதது வராது. அதுவும் நல்லதே.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அத்தியாயத்தை எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இப்போது உண்டு. அந்தப் பக்கங்களில் வடசென்னை எப்போதும் ‘உழைப்பின் வியர்வையும் கடலின் உப்பும் கலந்த மண்’ ஆக இருக்கும். எந்தத் தெரு என்று கேட்டால் எழுதியவருக்குத் தெரியாது. எழுத்துப்பிழை பார்க்க அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பார்த்ததை எழுத அதை அனுப்ப முடியாது. அது எங்கும் போகவில்லை.

5. பிறர் வாய்ச்சொல், பாட்டு, படம்

வலை பின்னும் ஆயா சொன்ன கதை, கானா பாடுகிறவர் பாடிய வரி, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பம்: இவையெல்லாம் ‘நம் ஏரியா விஷயம்’ என்பதால் நம் சொத்து ஆகிவிடாது. அச்சில் வந்தபின் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். அதுவும் தெரிந்தவர்களோடு வரும்.

கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் பாடிய பாட்டை “நாட்டுப்புறப் பாடல்” என்று போட்டுவிடுகிறார்கள். மெட்டு பலர் வாயில் புழங்கியதாக இருக்கலாம். அந்த வரிகளைக் கட்டியவர் மூன்று தெரு தள்ளி உயிரோடு இருப்பார். பாடியவரிடம் “இது யார் கட்டியது?” என்று கேளுங்கள். அவரே என்றால் அவர் பெயர். வேறொருவர் என்றால் அவரைப் போய்ப் பாருங்கள். பாடிப் பதிவுசெய்ததில் பாடுகிறவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமையும் உண்டு, 50 ஆண்டுகளுக்கு.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கம் போதும்: என்ன சொன்னார் அல்லது பாடினார், எந்த நூலில் வரப்போகிறது, பெயரைப் போடலாமா மாற்ற வேண்டுமா, பணம் உண்டென்றால் எவ்வளவு, தேதி, கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்றால் வாய்விட்டுப் படித்துக்காட்டி, அதையே பதிவுசெய்துகொள்ளுங்கள். பேச்சு முடிந்த அன்றே வாங்கிவிட வேண்டும். புத்தகம் அச்சாகப்போகிறது என்று தெரிந்தபின் கேட்டால், நேற்று வரை “எழுதிக்கோ கண்ணு” என்றவரின் மகன் குறுக்கே வந்து நிற்பார். அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

படங்களில் ஒரு நல்ல செய்தி. தாத்தாவும் ஆயாவும் ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை காசு கொடுத்தவருடையது, எடுத்தவருடையது அல்ல. பத்திரிகையில் வந்த படம் அப்படியல்ல. அந்தப் பத்திரிகையிடம் கேட்க வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தின் கீழ் ‘நன்றி: இணையம்’ என்று போடுவது அனுமதி ஆகாது. இணையம் என்று ஓர் ஆள் இல்லை.

6. எது பொது, எது பிறருடையது

சட்டம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்.

கருத்து, கதைக்கரு, வரலாற்று நிகழ்ச்சி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 1978இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியதை நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். அந்த இரவை ஒருவர் வருணித்த பத்தியை எடுக்கக் கூடாது. வெறும் தலைப்புக்கும் பதிப்புரிமை இல்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. அதற்காக ஏற்கெனவே விற்கும் நூலின் பெயரை வைத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரரே குழம்பிப்போவார்.

எழுதியவரின் ஆயுளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1964இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 அன்று பொதுவுக்கு வந்தது. கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். நூல் வெளியான ஆண்டிலிருந்து எண்ணுவது வழக்கமான தவறு.

நாட்டுடைமை ஆனது என்றால் அனுமதி இல்லாமல் அச்சிடலாம். எழுதியவர் பெயரை எடுத்துவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை. இன்னொன்று: பாரதியின் பாட்டு பொது. ஆனால் அண்மையில் ஒருவர் உழைத்துத் தயாரித்த பதிப்பின் முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. மொழிபெயர்ப்பும் அப்படித்தான். மூல நூல் பொதுவுக்கு வந்திருந்தாலும், அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

“நான்கு வரி எடுத்தால் தப்பில்லை”, “பத்து சதவீதம் வரை போகலாம்” என்றெல்லாம் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி வரிக்கணக்கு எதுவும் இல்லை. சொந்த ஆய்வு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவு எடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஒரு கவிதையை ஆராய்வதற்காக நான்கு வரி எடுப்பது வேறு. அத்தியாயத் தலையில் அழகுக்காகச் சினிமாப் பாட்டின் பல்லவியை வைப்பது வேறு. இரண்டாவதை நான் பார்த்தவுடன் எடுத்துவிடச் சொல்கிறேன். அனுமதி தேடி அலைவதைவிட உங்கள் சொந்த வரி ஒன்றை வைப்பது எளிது.

7. அச்சுக்கு முன் சோதனை

திருத்தம் முடிந்த பிரதியில்தான் இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால், பிறகு சேர்க்கும் பத்திகள் சோதனையில்லாமல் உள்ளே போய்விடும்.

காகிதத்தில் எடுத்து, மூன்று நிறப் பேனாவோடு உட்காருங்கள். பச்சை நோட்டிலிருந்து வந்த பத்திக்குப் பச்சைக் கோடு, சிவப்பிலிருந்து வந்ததற்குச் சிவப்பு, எங்கிருந்து வந்தது என்று தெரியாததற்கு நீலம். நீலம் விழுந்த பத்திகளைத் தூக்கிவிடுங்கள், அல்லது மூலத்தைக் கண்டுபிடியுங்கள். நீலம் இருக்கும்போது அச்சுக்குப் போகாதீர்கள். சிவப்பு தொடர்ந்து நான்கு பக்கம் ஓடினால், அந்த அத்தியாயத்தை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க வேறு சில குறிகள் உண்டு. ஒருவர் கைப்பிரதி முழுவதையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார். இணையத்திலிருந்து எடுத்த பத்திகள் யுனிகோடில் இருக்கும். கோப்பை யுனிகோடுக்கு மாற்றும்போது அந்தப் பத்திகள் மட்டும் தனியாகத் தெரியும். மேற்கோள் குறி ஓரிடத்தில் வளைந்தும் இன்னோரிடத்தில் நேராகவும் இருக்கும். சொற்களுக்கு நடுவே, வரி மடியும் இடத்திலும் பிரியாத ‘உடையாத இடைவெளி’ நிற்கும். அடுத்தது ‘ஆகும்’. ஐம்பது பக்கம் ‘ஆகும்’ போடாமல் எழுதியவர் திடீரென்று ஒரு பத்தியில் நான்கு முறை போட்டால், அந்தப் பத்தி வேறு வீட்டுப் பிள்ளை.

சந்தேகமான வரியிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். தமிழ் நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் தேடக்கூடியதாக இல்லை. ஆகவே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

8. பதிப்பகத்தோடு தாள் எழுதிக்கொள்ளுங்கள்

என் முதல் தொகுப்பை வாய்ப்பேச்சில் கொடுத்தேன். பிரதிகள் தீர்ந்தபின் வேறிடத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, உரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நானும் நம்பி நான்கு ஆண்டு சும்மா இருந்தேன். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தாளில் பார்க்க வேண்டியவை: எந்த உரிமை (அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் தனித்தனியாக), எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, உரிமைத்தொகை எவ்வளவு, எப்போது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அது தீர்ந்துபோகும். ‘எல்லா உரிமையும் என்றென்றைக்கும்’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நூல் உங்கள் சொந்தப் படைப்பு என்றும், வழக்கு வந்தால் பொறுப்பு உங்களுடையது என்றும் ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 7ஆம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் அது வெறும் வரிதான்.

9. உரிமைப் பக்கம், ஐ.எஸ்.பி.என்.

‘காப்புரிமை’ என்று போடாதீர்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு. நூலுக்குப் பதிப்புரிமை. உங்கள் பெயர், ஆண்டு, முதல் பதிப்பு மாதம், பதிப்பகத்தின் முகவரி. அனுமதி பெற்ற பாடல், படம் ஒவ்வொன்றுக்கும் அங்கேயோ நன்றிப் பக்கத்திலோ ஒரு வரி.

எழுதிய கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே செய்யலாம், ஒரு நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் அடையாள எண் இலவசம், சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கென்று ஆயிரக்கணக்கில் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எண் புத்தகத்தை அடையாளம் காட்டுமே தவிர, உரிமை எதையும் தராது.

10. வெளியான பின் முப்பது நாள்

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி, வெளியிட்டவர் செலவில்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லிப் பொது நூலகம். சொந்தமாக வெளியிட்டால் அந்த வெளியீட்டாளர் நீங்கள்தான். கன்னிமாராவுக்கு நேரில் கொண்டுபோய், எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்; கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் வரிகள் எந்தத் தேதிக்குள் அச்சில் வந்துவிட்டன என்பதற்கு அது ஒரு சாட்சி.

அந்த ஒப்புகைத் தாள், ஒப்புதல் கடிதங்கள், பச்சை சிவப்பு நோட்டுகள், மூன்று நிறக் கோடு போட்ட பிரதி எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெருவென்றால் பரணில். காசிமேட்டுத் தம்பியின் பச்சை நோட்டு இப்போது நான்காவது. அதை அவர் அம்மா அரிசி டிரம்முக்கு மேலே வைத்திருக்கிறார்.